வனஜாக்கா வீட்டுக்குக் கீழே

டம்ளர் தண்ணீருக்குள் மின்விசிறியின் ஒரு இறக்கை தெரிகிறது, அசையாமல். தண்ணீரும் அசையவில்லை. காற்றுக்கு ஆடியதா மிஷினுக்கு ஆடியதா என்று அப்புறம் எப்படிம்மா தெரியும் என்று கேட்டு வனஜாக்கா ஃபேனை நிறுத்திவிட்டார், சரியான கேள்விதான், ஆனால் வேர்க்கிறது, முதுகில் ஒரு கோடு இறங்கி இடுப்பில் போய் நிற்கிறது. மாவு அரைக்கிற கிரைண்டரையும் நிறுத்தியாகிவிட்டது. இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அது ஓடாமல் நான் பார்த்ததில்லை, இன்றைக்கு ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. வனஜாக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு டம்ளரைப் பார்க்கிறார். எதிர்ச்சுவரில் சாய்ந்து நானும் பார்க்கிறேன். நடுவில் பாயில் என் மகள் தர்ஷிகா தூங்குகிறாள், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, பஸ்ஸை நிறுத்தப் போகிறவள் மாதிரி. அவள் படுத்திருக்கிற இந்தச் சிவப்புத் தரைக்குக் கீழே, ஆறு மாடி ஆழத்தில், மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுகிற மிஷின் வந்துகொண்டிருக்கிறது. பங்காரு ஆசாரி தெருவில் எல்லா வீட்டுத் தரையிலும் இந்த நேரத்துக்கு இப்படி ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். நான் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லித்தான் என்று நினைத்தால் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

"இன்னாமா வளரு, எங்க கீது இப்போ?" என்கிறார் வனஜாக்கா, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேடம் சொல்வாங்கக்கா" என்கிறேன். போன் மடியில் இருக்கிறது. ரெஜினா மேடம், மிஷினைக் கீழே இறக்கிய குழிக்குப் பக்கத்தில் இருக்கிற தகர ஆபீசில் இருந்துகொண்டு எனக்குச் சொல்ல வேண்டும். ரெஜினா மேடம் மக்கள் தொடர்பு ஆலோசகர். பாலம் கட்டுகிறவர்கள், சுரங்கம் போடுகிறவர்கள் எல்லாம் வேலையைத் தொடங்கும் முன் இவரைக் கூப்பிடுவார்களாம், அந்தத் தெருவில் இருக்கிறவர்களிடம் போய் இன்னது நடக்கப்போகிறது என்று சொல்லவும், அவர்கள் சொல்வதைக் கொண்டுவந்து எஞ்சினியர்களிடம் சொல்லவும். இதற்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊரில் தார்ரோடு போட்டபோது ஒரு நாள் காலையில் வாசலைத் திறந்தால் ரோடு இருந்தது, அவ்வளவுதான், யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. "சம்பளம் குடுத்து வம்பு பேச ஆள் வெக்கிறாங்களா, உனக்குன்னே செஞ்ச வேலை" என்றார் என் வீட்டுக்காரர் குமரேசன், நான் மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு. அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு முடித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரெல்லாம் முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டவள் நான். அது ஒரு தகுதி என்று ரெஜினா மேடம் சொல்லித்தான் தெரியும். முதல் தடவை போகிற வீட்டுக்குக் காகிதம் எதுவும் கொண்டுபோகாதே, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேள் என்பார். தண்ணீர் கொடுத்த வீட்டில் மறுமுறை கதவைச் சாத்த மாட்டார்கள். இரண்டாம் தடவைதான் மெட்ரோ, மிஷின், படம் எல்லாம். நான் தர்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன், விட்டுவர ஆள் இல்லை. அவளைப் பார்த்துக் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். எல்லா வீட்டிலும் திறந்தது, வனஜாக்காவுக்குப் பக்கத்து வீட்டு எத்திராஜ் சார் வீட்டைத் தவிர. அவர் ரிட்டையர்டான கண்டக்டர். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் அந்த இடுக்கு வழியாகவே பேசுவார், ஒரு கண்ணும் ஒரு கைத்தடியும்தான் தெரியும். தண்ணீர் கேட்டேன். "இந்தச் சந்துல டம்ளர் வராதும்மா" என்றார். உண்மைதான், வராது.

டம்ளர் யோசனை என்னுடையது. எப்படிம்மா எங்களுக்குத் தெரியும், கீழே என்ன நடக்குதுன்னு எங்களுக்குக் கண்ணா இருக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். எஞ்சினியர்கள் தெருவில் பதித்த கருவிகள் அவர்களுக்குத்தான் பேசும், நமக்குப் பேசாது. தரையில் தண்ணீர் வையுங்கள், ஆடினால் எனக்குப் போன் செய்யுங்கள் என்றேன். ரெஜினா மேடம் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லாரி போனாக்கூட ஆடுமே வளர். சரி, சொல்லிட்ட, இருக்கட்டும். ஆனா ஒண்ணு, கீழ மிஷின் ஓடுறது ஒண்ணுமே தெரியாதுன்னு மட்டும் யாருக்கும் சொல்லிடாத. அதிர்வு பெரும்பாலும் தெரியாதுன்னுதான் நம்ம காகிதத்துல இருக்கு. தெரியாததைக் கேட்டா தெரியாது, கேட்டுச் சொல்றேன்னு சொல்லு. ஒரு ஜன்னல் கடகடத்தாலும் அப்புறம் நீ சொல்ற நல்லதையும் நம்ப மாட்டாங்க." தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன். ஆனால் வாசலில் நின்று பெரும்பாலும் என்று சொல்லும்போது எதிரில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கண் அப்படியே நிலைக்கும், கை கதவு நிலையைப் பிடிக்கும். இரண்டு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வீட்டில் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். ஒண்ணும் தெரியாதுக்கா, சத்தமும் கேக்காது, நீங்க பாட்டுக்கு மத்தியானம் தூங்கலாம் என்றேன். எவ்வளவு சுலபமாக இருந்தது. முகங்கள் எல்லாம் விரிந்தன, ஒரு வீட்டில் அதிரசம்கூடக் கிடைத்தது. சத்தம் கேட்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆறு மாடி ஆழம் என்றால் எப்படிக் கேட்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

வனஜாக்காதான் விடவில்லை. "ஒண்ணும் ஆவாதா? உன் புள்ள இந்த வூட்ல பட்த்துனு தூங்குமா அன்னிக்கு?" என்று கேட்டார், கையில் மாவுக் கரண்டியோடு. "தூங்குவாளே" என்றேன் நான், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிற வியாதி எனக்கு. "அப்ப கூட்டியா. உன் புள்ள என் வூட்ல இருந்தா நானும் இருக்கேன். நான் இருந்தா தெருவே இருக்கும். இல்லாங்காட்டி எல்லாரையும் இட்டுனு போய் அந்தக் குழிக்கு முன்னாடி உக்காந்துடுவேன், பாத்துக்க." இந்தத் தெருவில் வனஜாக்காவிடம் மாவு வாங்காத வீடு கிடையாது. அவர் உட்கார்ந்தால் தெரு உட்காரும். இருந்தாலும் நான் அதற்குப் பயந்து பிள்ளையைக் கொண்டுவரவில்லை. சொல்லிவிட்டேன், சொன்னதை எப்படி மாற்றுவது, அதுதான். ரெஜினா மேடம் வேண்டாம் என்றார். வீடு பத்திரம்தான், பலமில்லாத மூன்று வீட்டுக்காரர்களை ஏற்கெனவே லாட்ஜில் தங்க வைத்திருக்கிறோம், இது அந்தக் கணக்கில் இல்லை, இருந்தாலும் உன் குழந்தையைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது என் வேலையும் இல்லை, உன் வேலையும் இல்லை என்றார். குமரேசன் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே "ஊருல ஆட்டை வெச்சு, சேவலை வெச்சுப் பந்தயம் கட்டுவாங்க. நீ நம்ம புள்ளைய வெச்சிருக்க" என்றார், சிரித்துக்கொண்டேதான், ஆனால் செருப்பை மாட்டிய பிறகும் திரும்பி வந்து அவளை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தூக்கல்தான் இப்போது நினைவுக்கு வருகிறது. பந்தயம் இல்லை, பந்தயம் இல்லை, என் வாக்கு. வாக்கை நான் கொடுத்தேன், படுத்திருப்பது அவள்.

அந்தச் சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன். சமையலறைக்குப் போகிற வழியில் மேலிருந்து இறங்குகிற விரிசல், வனஜாக்கா கல்யாணமாகி வந்தபோதே இருந்ததாம். வேலை தொடங்கும் முன் எஞ்சினியர் தம்பி வந்து அதைப் படம் எடுத்துவிட்டு, குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டையை ஒட்டிவிட்டுப் போனார். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும், அதுதான் அதன் வேலை. அடுத்த முறை பார்க்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி முழுக்க மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு, மேலே ஒரு மல்லிகைப் பூ சொருகியிருந்தது. "வீட்டைக் காக்க வெச்சிருக்கிற சாமான், வெள்ளிக்கிழமை சும்மா வுட முடியுமா? கிரைண்டருக்கு வெக்கிறேன், காஸ் அடுப்புக்கு வெக்கிறேன்" என்றார் வனஜாக்கா. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்தத் தம்பி பாவம், பஞ்சை நனைத்து ஓரத்தை மட்டும் துடைத்து, உடையவில்லை என்று எழுதிக்கொண்டு போனார், பொட்டை மட்டும் விட்டுவிட்டார். அந்தப் பொட்டு இப்போது என்னைப் பார்க்கிறது. உடைந்தால் சத்தம் வருமா? ஒரு வளையல் உடைகிற அளவுக்காவது வருமா? பாயிலிருந்து அந்தச் சுவர் எத்தனை எட்டு, பிள்ளையை ஒரே கையில் அள்ள முடியுமா, வாசல் கதவுக்குத் தாழ் போட்டிருக்கிறதா. போடவில்லை. வந்ததுமே பார்த்துவிட்டேன். நம்பிக்கை இருக்கிறவள் எதற்குத் தாழைப் பார்க்கிறாள்.

நம்பிக்கை இருக்கிறது. பார்த்துவிட்டு வந்த நம்பிக்கை. ரெஜினா மேடம் ஒரு நாள் என்னைக் குழிக்குள் அழைத்துப்போனார். நீ பார்க்காததை எப்படி இன்னொருத்தருக்குச் சொல்வாய் என்றார். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் என் அளவுக்கு இல்லாத பூட்ஸ், டங்கு டங்கென்று இரும்புப் படியில் இறங்கிக்கொண்டே இருந்தோம். மேலே தெரிந்த வானம் ஒரு பெட்டி அளவுக்குச் சுருங்கியது. கீழே போய் நின்று திரும்பினேன். வாயில் வார்த்தை வரவில்லை, எனக்கு வராமல் போவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. வட்டமாக, வழுவழுவென்று, விளக்கு வரிசை போய்க்கொண்டே இருக்கிற ஒரு வழி, அந்தக் கோடி தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலைக் கோபுரத்தோடு உள்ளே தள்ளிவிடலாம். இதற்கு மேலேதான் பெரம்பூர் போகிற பஸ் ஓடுகிறது, இதற்கு மேலேதான் மீன் விற்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே ஈரமண் வாசம், டீசல் வாசம், யாரோ ஒருவர் ஓரமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பூமிக்கு அடியில், ஊறுகாயோடு. ஓடுகிற ரப்பர் பட்டையில் மண் வந்துகொண்டே இருந்தது. மண் என்றால் மண்வெட்டியில் வருகிற மண் இல்லை. மிஷினே நுரை கலந்து பிசைந்து கொழகொழவென்று மாவு மாதிரி ஆக்கி வெளியே அனுப்புகிறது. இதை வனஜாக்காவிடம் சொன்னபோதுதான் முதன்முதலாகச் சிரித்தார். "அப்ப நம்ம தொழில்தான்னு சொல்லு. இன்னா, அவன் உளுந்து போடல." இன்னொன்றும் பார்த்தேன், அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. மிஷின் ஒரு ஆள் நீளத்துக்குக் குறைவாகத் தோண்டும், நிற்கும். பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளைத்து மாட்டி ஒரு வளையம் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் அந்த வளையத்தையே உதைத்துக்கொண்டு அது முன்னால் போகும். தான் கட்டியதை உதைத்துத்தான் அடுத்த அடி. அதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பயத்தில் இல்லை, திருவிழா பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தூக்கம் வராது இல்லையா, அப்படி. மனுஷர்கள் இதைச் செய்கிறார்கள். தயிர்சாதம் சாப்பிடுகிற மனுஷர்கள்.

போன் அதிர்கிறது. டம்ளர் ஆடிவிட்டதோ என்று ஒரு கணம் வனஜாக்கா காலை இழுத்துக்கொள்கிறார். "வளர்" என்கிறது ரெஜினா மேடத்தின் குரல், கிசுகிசுப்பாக, கோயிலில் பேசுகிற மாதிரி, "இப்ப உங்களுக்கு நேர் கீழ வந்துட்டாங்க. தோண்டுறதை நிறுத்தி வளையம் மாட்டிட்டிருக்காங்க. முடிஞ்சதும் மறுபடி ஓட்டுவாங்க. குழந்தை?" தூங்குகிறாள் என்றேன். "சரி" என்றார், அப்புறம் போனை வைக்காமல் கொஞ்சம் மூச்சு விட்டார், அதுவும் கேட்டது. வனஜாக்காவிடம் சொன்னேன். நேர் கீழ. அவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆன சிவப்புத் தரை, ஓரத்தில் ஒரு துளி மாவு காய்ந்திருக்கிறது, என் மகளின் கால் கொலுசு. அதற்குக் கீழே சுண்ணாம்பு, அதற்குக் கீழே மண், களிமண், தண்ணீர் ஊறிய மணல், அதற்குக் கீழே, இப்போது, இந்த நிமிஷத்தில், ஆட்கள் நின்றுகொண்டு துண்டு துண்டாகத் தூக்கி மாட்டுகிறார்கள். தர்ஷிகாவுக்கு நேர் கீழே ஒருவர் நிமிர்ந்து பார்த்தால், நடுவில் இருப்பதெல்லாம் மறைந்துவிட்டால், இவளுடைய முதுகு தெரியும். தெருவிலிருந்து ஒரு சைக்கிள் மணி கேட்கிறது. வேறொன்றும் இல்லை. தண்ணீரில் அந்த இறக்கை அப்படியே இருக்கிறது. இப்படித்தான் ஒரு டம்ளர். இவள் வயிற்றில் இருந்த ஏழாம் மாசம், மோர் டம்ளரை வயிற்று மேல் நிறுத்திவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், டம்ளர் தானாகச் சாய்ந்து மோர் முழுக்கப் புடவையில். கை தொடவில்லை, கால் தொடவில்லை. உள்ளேயிருந்து ஒருத்தி தட்டிவிட்டாள். குமரேசனைக் கூப்பிட்டேன், அவர் மோர் ஈரத்தின் மேலேயே காதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். "ஒண்ணும் கேக்கல, உனக்குப் பசிக்குது, அந்தச் சத்தம்தான்" என்றார். ஆனால் காதை எடுக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. என் உடம்புதான், என் வயிறுதான், உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. கை எங்கே முளைக்கிறது, கண் எப்போது திறக்கிறது, நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறேன், உள்ளே வேலை நடக்கிறது. அப்போதும் ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஒண்ணும் ஆகாது இல்லே சிஸ்டர் என்று. அந்த சிஸ்டர் பெரும்பாலும் ஆகாது என்றா சொன்னார்? ஒண்ணும் ஆகாதும்மா என்றார். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது. அதனால்தானோ நானும். இல்லை, அந்த சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார், கடைசி வரை. சொல்லிவிட்டுப் போகவில்லை.

"வேர்க்குது பாரு புள்ளைக்கு" என்கிறார் வனஜாக்கா. முந்தானையால் விசிறப் போனவர் டம்ளரைப் பார்த்துக் கையை நிறுத்திக்கொண்டார். தர்ஷிகா புரண்டாள். பாய் சுடுகிறது போல, உருண்டு வெறுந்தரைக்குப் போனாள், குளிர்ச்சி கண்டுவிட்டாள், கன்னத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டு குப்புறப் படுத்தாள். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பார்க்கிறோம். போன் மடியில் மின்னியது, ரெஜினா மேடத்தின் செய்தி, ஓட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று. டம்ளரைப் பார்த்தேன். ஆடவில்லை. கண்ணாடிப் பட்டையைப் பார்த்தேன். பொட்டு பொட்டாகவே இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் எழும்பி வருகிறது, பார்த்தீங்களாக்கா, நான்தான் சொன்னேனே, ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேனே என்று வாயைத் திறக்கப் போகிறேன். தர்ஷிகா கண்ணைத் திறந்தாள். தலையைத் தூக்கவில்லை. தரையிலேயே கன்னம், ஒரு கண் மட்டும் என்னைப் பார்க்கிறது. "அம்மா" என்றாள். "பூனை." எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு சாம்பல் பூனை உண்டு, அதன் முதுகில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள், எத்தனை திட்டினாலும் கேட்க மாட்டாள். "எங்க வூட்ல ஏது கண்ணு பூனை" என்றார் வனஜாக்கா. "இதுக்குள்ள" என்று தரையைத் தட்டினாள், மெதுவாக, பூனை விழித்துவிடுமே என்கிற மாதிரி. "தூங்குது. குர்ருங்குது."

நான் வனஜாக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கையை ஊன்றிக் குனிந்து, மகளுக்கு எதிரில், மூக்குக்கு மூக்கு, காதைத் தரையில் வைத்தேன். முதலில் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான். தரையின் குளிர்ச்சி காதுமடலில் ஏறுகிறது. அப்புறம் அது வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, அது முதலிலேயே அங்கே இருந்தது, நான்தான் போய்ச் சேர்ந்தேன். குர்ர்ர் என்று, நிற்காமல், தாழ்ந்து, அவ்வளவு தாழ்ந்து, காதால் கேட்கிறேனா தாடை எலும்பால் கேட்கிறேனா தெரியவில்லை. எந்த அவசரமும் இல்லாத சத்தம். ஒரு சாண் நகர்வதற்குள் குக்கரில் பருப்பு வெந்துவிடும், அவ்வளவு மெதுவாக, ஆனால் நிற்காமல், என்றைக்கும் வெளிச்சம் படாத இருட்டில் இருந்த களிமண்ணைக் கரைத்துக்கொண்டு, தான் கட்டியதை உதைத்துக்கொண்டு. நடுமுதுகில் ஆரம்பித்து உச்சந்தலை வரை சிலிர்த்தது. பயம் எங்கே என்று தேடினேன், இருந்தது, இல்லாமல் இல்லை, ஆனால் ஒரு பெரிய ஆலமரத்தின் கீழே போய் நின்றால் நம் உயரம் நமக்கு மறந்துபோகிற மாதிரி அது எங்கேயோ சின்னதாக நின்றது. தர்ஷிகாவின் மூச்சு என் முகத்தில் படுகிறது. அவள் சிரிக்கிறாள். இத்தனை நாள் இத்தனை வாசலில் கேக்காது, கேக்காது என்று சொல்லி எதை மறைத்தேன் நான். இதையா.

எழுந்து உட்கார்ந்தேன். "அக்கா" என்றேன். "சத்தம் கேக்குதுக்கா. கேக்காதுன்னு சொன்னேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லல, நானாத்தான் சொன்னேன். கேக்குது." வனஜாக்கா என்னை அளந்து பார்த்தார், உளுந்தில் கல் இருக்கிறதா என்று பார்ப்பாரே அந்தப் பார்வை. அவ்வளவுதான், எழுந்து வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தால் போதும், தெரு முழுக்கக் குழிக்குப் போய்விடும், ரெஜினா மேடத்தின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன். அவர் எழவில்லை. கனத்த உடம்பு, முதலில் ஒரு கை, அப்புறம் முட்டி, அப்புறம் பக்கவாட்டில் சரிந்து, என் மகளுக்குப் பக்கத்தில் அவர் காதை வைத்தார். ரொம்ப நேரம். மூக்குத்தி தரையில் படுகிறது. கண் மூடியிருக்கிறது. எனக்குள் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப ஓடுகிறது, பெரும்பாலும், பெரும்பாலும், பெரும்பாலும். "கல்லு கல்லுல ஒரசுற சத்தமே இல்ல" என்றார் கடைசியில், கண்ணைத் திறக்காமல். "நல்லா ஊற வெச்சு அரைக்கிறான்." அப்புறம் கண்ணைத் திறந்து, "ஏண்டி" என்றார். அதுவரை என்னை டி போட்டதில்லை. "ஏண்டி, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா உனக்கு? சத்தம் வரும், பயப்படாதன்னா நான் கேக்க மாட்டனா? நானே நாள் பூரா மிஷின் சத்தத்துல வாழுறவ, எனக்கு முப்பது வருஷக் காது. பக்கத்து வூட்டு எத்திராஜு என்னா பண்ணுவாரு? அடுத்து அங்கதான போவுது? அந்தாளு கேக்காதுன்னு நம்பிகினு உக்காந்துகினு இருக்கும். மவன் துபாய்ல, ஒண்டி ஆளு. திடீர்னு காதுல வுழுந்தா நெஞ்சப் புடிச்சிக்கும். போ. ஓடிப் போய் சொல்லு." நான் தர்ஷிகாவைத் தூக்கக் கையை நீட்டினேன், பழக்கம், எங்கே போனாலும் இடுப்பு தானாக வளைந்துகொள்ளும். அவள் மறுபடியும் கண்ணை மூடியிருந்தாள், காது தரையில், வனஜாக்காவின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு. கையை இழுத்துக்கொண்டேன். வனஜாக்கா மறு கையால் என்னைப் போ போ என்று விரட்டினார். பொட்டு வைத்த கண்ணாடி அப்படியே இருந்தது. நான் பார்த்தது பயத்தில் இல்லை, சொல்லிக்கொண்டு போகிறதுக்காக.

தெருவில் வெயில். இடுப்பு வெறுமையாக இருக்கிறது, நடையே மாறிப்போய்விட்டது, ஒரு பக்கம் கனம் இல்லாமல் மிதக்கிற மாதிரி. செருப்பை வனஜாக்கா வாசலிலேயே விட்டுவிட்டேன், தெருவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சுடுகிறது, சுடட்டும். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கீரைக்காரி, மாடியில் துணி உலர்த்துகிறவர், எல்லோரும் அவரவர் பாட்டுக்கு. கீழே அதுவும் அது பாட்டுக்கு. நான் இதே திசையில்தான் போகிறேன், அதுவும் இதே திசையில்தான் வருகிறது, அதை முந்திக்கொண்டு போய் ஒரு வாசலில் சொல்ல வேண்டும், அதுதான் என் வேலை, இவ்வளவு நாளாக என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வந்ததில்லை. எத்திராஜ் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். தடி தரையில் ஊன்றுகிற சத்தம், தாழ், அப்புறம் அந்த இடுக்கு, ஒரு கண், சங்கிலி. "ஆடலைம்மா" என்றார். "வெச்ச தண்ணி வெச்ச மாதிரி இருக்கு." "சார், சத்தம் வரும்" என்றேன். "கேக்காதுன்னு உங்களுக்குச் சொன்னேன். தப்பு. பெரும்பாலும் அதிர்வு தெரியாது, அது மெய். ஆனா தரையில காதை வெச்சா குர்ருன்னு கேக்கும். ராத்திரி ஊர் அடங்கினா சும்மா படுத்தாலும் கேக்கலாம். பயந்துடாதீங்க, அது அங்க வேலை செய்யிற சத்தம்." அந்தக் கண் என் முகத்தைப் பார்த்தது, பிறகு கீழே இறங்கி என் இடுப்பைப் பார்த்தது, அங்கேயே நின்றது. "புள்ள எங்கம்மா?" என்றார். "வனஜாக்கா வீட்டுல, சார். தரையில படுத்துத் தூங்குறா." "இப்பவா? அது கீழ இருக்கும்போதா?" "ஆமா சார். அது சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டா."

கதவு சாத்திக்கொண்டது. போச்சு என்று நினைத்தேன். உள்ளே கலகலவென்று ஒரு ஓசை, சங்கிலி கழன்று மரத்தில் அடிக்கிற ஓசை, பிறகு கதவு முழுதாகத் திறந்தது. முதன்முதலாக அவரை முழுதாகப் பார்க்கிறேன், நல்ல உயரமான மனுஷர், வேட்டி, ஒரு முட்டியில் கட்டு. கூடத்துத் தரையில் நடுவே அவர் டம்ளர், பித்தளை, பக்கத்திலேயே ஒரு நாற்காலி, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நான் போய்ப் படுத்துக் காதை வைத்தேன். இன்னும் வரவில்லை, வந்தது, தூரத்தில், வனஜாக்கா வீட்டுப் பக்கத்திலிருந்து, என் மகளின் பக்கத்திலிருந்து. "கேக்குதா?" என்றார். கேட்கிறது என்றேன். அவர் தடியைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார், முட்டி விடவில்லை, மறுபடி பார்த்தார். "எனக்கு எப்படிம்மா?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. நான் டம்ளரைப் பார்த்தேன். அதன் வேலை முடிந்துவிட்டது. கொட்ட மனசில்லை, தாகமாகவும் இருந்தது, எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன், அந்த வீட்டில் நான் குடிக்கிற முதல் தண்ணீர். வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப்போட்டு அவரைச் சாய்ந்து உட்கார வைத்து, காலி டம்ளரின் வாயை அவர் காது உயரத்தில் சுவரில் அழுத்திப் பிடித்து, அடிப்பக்கம் காதைக் கொடுங்க சார் என்றேன். கொடுத்தார். ஒரு கையால் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார். அப்படியே இருந்தார். பிறகு முகம் மெதுவாக மாறியது, நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன, வாய் கொஞ்சம் திறந்தது. ஆயுசு முழுக்க ஓடுகிற வண்டிக்குள் நின்றவர். "உள்ள எத்தனை பேரும்மா இருக்காங்க?" என்றார், காதை எடுக்காமல், ரகசியமாக. எனக்கு நாக்கு நுனியில் ஒரு எண் வந்துவிட்டது. விழுங்கினேன். "தெரியாது சார்" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."